சிற்றறையில் இரண்டு படுக்கை



தமிழகத்தின் எல்லைக்கு அப்பால் குடித்தனம் நடத்தும் நம்மவர் இல்லங்களில் இடம் குறைவு. உறவினர் வருகை குறைவதில்லை. மும்பையிலோ தில்லியிலோ பெங்களூரிலோ, ஓர் அறையும் ஒரு கூடமும் கொண்ட வீட்டில் நாம் வாழ்கின்றோம். ஊரிலிருந்து ஒருவர் புறப்படுகின்றார் என்று செய்தி வந்த அன்றே, அவரை எங்கே படுக்க வைப்பது என்னும் கேள்வி எழுந்துவிடுகின்றது. திருப்பதியில் வாழும் தமிழர்களாகிய எங்களுக்கோ இக்கேள்வி ஆண்டு முழுவதும் உண்டு. ஏனைய ஊர்களுக்கு உறவினர் ஏதேனும் காரணம் பற்றி வருவர். திருப்பதிக்கு வரக் காரணம் தேட வேண்டுவதில்லை. நள்ளிரவில் மலையிறங்கி வந்து கதவைத் தட்டுவோரும் உண்டு. விடியற்காலை வண்டிக்கு முன்னர் நான்கு மணி நேரம் தலைசாய்க்க இடம் கேட்போரும் உண்டு.

இப்பகுதித் தமிழருள் பிழைப்புக்காக வந்தவரும் உளர். பல தலைமுறையாக இங்கேயே இருப்பவரும் உளர். 1911-இல் அமைந்த சித்தூர் மாவட்டம் சென்னை மாகாணத்தில் இருந்தது. 1953-இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது அதனோடு சென்றது. 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி முதலிய பகுதிகள் தமிழகத்தோடு இணைந்தன. சித்தூர், புத்தூர், நகரி ஆகியவை ஆந்திரத்திலேயே நின்றன. 2022 ஏப்ரல் 4 முதல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. இத்தனை மாற்றங்களுக்கு இடையிலும் மாறாத ஒன்று, வேலூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் உறவினர் வந்து இறங்கும் வழக்கமே.

முன்னாளில் இவ்வழக்கத்தைத் தாங்குவதற்கு ஒவ்வொரு வீட்டிலும் ஓர் ஏற்பாடு இருந்தது. அதுவே திண்ணை. தெலுங்கர் அதனை ‘அருகு’ என்பர். பகலில் அதன்மேல் அமர்ந்து கணக்கு எழுதினர், காய் நறுக்கினர், ஊர்வழக்கு பேசினர்; இரவில் அதன்மேலேயே வழிப்போக்கர் துண்டை விரித்துப் படுத்தனர். பகலில் இருக்கையாகவும் இரவில் படுக்கையாகவும் பயன்படும் பொருள் மேனாட்டிலிருந்து நேற்று வந்தது என்று எண்ணுவோர் திண்ணையை நினைத்துப் பார்க்கலாம். இன்னும் பின்னே சென்றால் மோசிகீரனார் கதை உண்டு. சேரமான் தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறையின் அரண்மனையில், முரசத்தை நீராட்ட எடுத்துச் சென்றிருந்த வேளையில், வெறுமையாய்க் கிடந்த முரசுகட்டிலில் அப்புலவர் களைப்பினால் படுத்து உறங்கிவிட்டார். வாளை ஓங்க வேண்டிய மன்னன் கவரி எடுத்து வீசினான் என்பது புறநானூறு தரும் செய்தி. எங்கள் அத்தை இக்கதையைச் சொல்லிவிட்டு, “அவருக்கும் அங்கே வேறு கட்டில் இல்லை போலும்!” என்பார்.

திண்ணையுள்ள வீடுகள் அருகிவிட்டன. அதன் வேலையைத் தற்போது செய்வது, நம் வீடுகளில் ‘திவான்’ என்று வழங்கும் கட்டில். திவான் என்பது பாரசீகச் சொல். ஏட்டைக் குறித்து, பின்னர் அரசவையைக் குறித்து, அவையில் சுவரோரம் இடப்பட்ட இருக்கையைக் குறித்து, முடிவில் நம் கூடத்துக் கட்டிலுக்குப் பெயராயிற்று. மூன்று புறம் தாழ்ந்த சாய்வுப் பலகையும் ஒரு புறம் திறப்பும் உடையது அது. அதன் அடியில், சக்கரம் பூட்டிய தாழ்ந்த கட்டில் ஒன்று மறைந்திருக்குமாயின் ஓரிடத்தில் இரண்டு படுக்கை கிடைக்கும். கடைக்காரர் அதனைப் ‘புல்-அவுட்’ என்பர். நாம் இழுப்புக் கட்டில் என்போம். இரயில் வண்டியில் பகலெல்லாம் முதுகுக்குச் சாய்வாக இருந்துவிட்டு இரவில் படுக்கையாக உயரும் நடுப்பலகையை அறிந்தவர்க்கு இதன் கருத்து எளிதில் விளங்கும்.

எங்கள் அறை பத்தடி நீளமும் ஒன்பதடி அகலமும் உடையது. அங்கே அத்தை உறங்குவார். மூட்டுவலியால் தரையில் அமர்ந்து எழ அவரால் இயலாது. ஆயினும் விருந்தினர் வந்தவுடன் தம் கட்டிலை அவர்களுக்கு ஒழித்துக் கொடுத்துவிட்டுக் கூடத்தில் நாற்காலியில் சாய்ந்தபடியே இரவைக் கழிப்பார். “இரண்டு நாள்தானே” என்பார். ஆனால் அந்த இரண்டு நாள்கள் மாதந்தோறும் வந்தன. அவர் தம் கட்டிலை விட்டு இறங்காமலும், வந்தவர் தரையில் கிடக்காமலும் இருக்க வழி காண்பதே எங்கள் வேலையாயிற்று.

முதலில் அளக்க வேண்டியது கட்டிலை அன்று, தரையை. மேற்கட்டில் மூன்றடி அகலம். வெளியே இழுத்த கீழ்க்கட்டில் ஏறக்குறைய 2¾ அடி. எங்கள் ஒன்பதடியில் இவ்விரண்டும் போக 3¼ அடி எஞ்சுகின்றது. எதிர்ச்சுவரில் நிற்கும் பீரோவுக்கு 1½ அடி கழித்தால் நடைபாதை 1¾ அடி. இரவில் ஒருவர் எழுந்து கழிவறைக்குச் செல்ல அது போதும். பீரோக் கதவும் அதற்குள் திறக்கும். அறைக்கதவு உட்புறம் திறப்பதாயின் அதன் வீச்சையும் சேர்த்து அளத்தல் வேண்டும். கீழ்க்கட்டிலை இழுத்த பின்னர் கதவு திறவாமல் போன வீடு ஒன்றை நாங்கள் அறிவோம். அவ்வீட்டில் உள்ளே படுத்தவர் விடியும் வரை உள்ளேயே இருக்க நேர்ந்தது. கணக்கில் நம்பிக்கை இல்லாதவர் பழைய செய்தித்தாள்களை இரு கட்டில்களின் அளவுக்குத் தரையில் பரப்பி, ஒரு மாலைப்பொழுது அதனைச் சுற்றி நடமாடிப் பார்க்கலாம். கால் எங்கே இடறும் என்பது உடனே தெரிந்துவிடும்.

அடுத்தது உயரம். இதில்தான் பெரும்பாலான கட்டில்கள் தவறிவிடுகின்றன. அமர்வதற்குத் தாழ்வாக இருந்தால் அடியில் இடம் இல்லை; அடியில் இடம் வைத்தால் இருக்கை உயர்ந்து கால் தொங்குகின்றது. எங்களுக்கு அத்தையின் மூட்டே அளவுகோல் ஆயிற்று. மெத்தையோடு 20 அங்குல உயரம் இருந்தால் அவர் கைப்பிடி இன்றி எழுகின்றார். அதில் மெத்தை 5 அங்குலம் போக, பலகையின் மேல்மட்டம் 15. பலகையைத் தாங்கும் சட்டத்தின் ஆழம் 5. ஆகவே அடியில் கிடைக்கும் வெளி 10 அங்குலம். அதற்குள் சக்கரம் 2½, ஒட்டுப்பலகை ½, மெத்தை 5, விரிப்பும் போர்வையும் 1 என்று 9 அங்குலம் அடங்கியது. ஓர் அங்குலம் உராயாமல் செல்வதற்கு. கீழ்க்கட்டிலின் பலகையைச் சட்டத்தின் மேலே பரப்பினால் இக்கணக்கு பொய்த்துவிடும். சட்டத்தின் உட்புறம் அடிமட்டத்தில் பட்டியடித்து, அதன்மேல் பலகையை இருத்த வேண்டும். மெத்தை பெட்டிக்குள் அமர்வதுபோல் அமரும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. கீழ்க்கட்டில் வந்துபோக வேண்டியிருப்பதால் மேற்கட்டிலின் முன்புறத்தில் நடுக்கால் வைக்க இயலாது. ஆறேகால் அடி நீளச் சட்டம் இரு முனைகளில் மட்டும் நின்று, மேலே அமரும் நால்வர் எடையையும் தாங்குகின்றது. கடையில் பார்க்கும்போது சாய்வுப் பலகையின் சித்திரவேலையைத் தடவிப் பார்ப்பதை விடுத்து, இந்த முன்சட்டத்தின் நடுவில் இருவர் அமர்ந்து பார்ப்பது நன்று. அது வளைந்து கொடுக்குமாயின் அக்கட்டில் நமக்கு வேண்டா.

மரத்தைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். தேக்கு சிறந்தது என்பதில் ஐயமில்லை, விலைதான் தடை. சித்தூர் வட்டாரம் மாந்தோப்புகளுக்குப் பெயர் பெற்றது. காய்ப்பு ஓய்ந்த முதுமரங்கள் அறுவை மில்லுக்கு வருவதால் மாம்பலகை மலிவாகக் கிடைக்கும். ஆனால் போராக்ஸும் போரிக் அமிலமும் கரைத்த நீரில் ஊறவைத்துப் பதப்படுத்தாத மாம்பலகை விரைவில் உளுத்துவிடும். கட்டிலுக்கு அடியில் மாவு போன்ற தூள் உதிரத் தொடங்கினால் காரியம் மிஞ்சிவிட்டது என்று பொருள். வேம்பைப் பூச்சி எளிதில் அண்டாது. காய்ந்த வேப்பமரம் கிடைக்குமாயின் நடுத்தரக் குடும்பத்திற்கு அதுவே தகும் என்பது எங்கள் கருத்து. எம்மரமாயினும் நன்கு உலர்ந்ததாக இருத்தல் இன்றியமையாதது. ஐப்பசி கார்த்திகை மழையில் பச்சைமரம் ஊதிக்கொள்ளும். கீழ்க்கட்டில் கால்களுக்கிடையே சிக்கி நகராது. ஆகவே இரு பக்கமும் அரை அங்குலமாவது இடைவெளி விடச் சொல்வது நலம்.

செம்மரக் கட்டில் வாங்கித் தருகின்றோம் என்று காதோடு சொல்வோர் இவ்வூரில் எதிர்ப்படலாம். செம்மரம் சேஷாசலம் முதலிய மலைகளில் தவிர வேறெங்கும் இயல்பாக வளராத அரிய மரம். 1995 முதல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருப்பது. 2015 ஏப்ரல் 7-ஆம் நாள் அக்காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர் எனச் சொல்லப்பட்டுத் தமிழ்நாட்டைச் சேர்ந்த இருபதின்மர் காவற்படையின் குண்டுக்கு இரையாயினர். கூலிக்கு மலையேறும் ஏழைகளின் ஊர்களில் அச்செய்தி இன்னும் ஆறவில்லை. கள்ளமாக வந்த அம்மரத்தின்மீது படுத்து யாருக்கு உறக்கம் வரும்?

மரத்தூளைப் பசையிட்டு அழுத்திய பலகையால் செய்து, பிரித்துப் பெட்டியில் இட்டு அனுப்பும் கட்டில்கள் மிகுதியாக விற்பனையாகின்றன. பார்வைக்கு அழகியவை. ஆனால் தரையை நீர்விட்டுக் கழுவும் நம் வீடுகளில் அவற்றின் அடி நனைந்து உப்பிவிடும். ஒருமுறை கழற்றிய திருகாணி மறுமுறை அதே துளையில் இறுகுவதில்லை. இரண்டு மூன்று ஆண்டுக்கொருமுறை வீடு மாறும் அன்பர்களுக்கு இது பெரிய குறை. அவர்கள் போல்ட்டு பூட்டிய மரக்கட்டிலையோ, வண்ணம் பூசிய இரும்புக் கட்டிலையோ நாடுவது நன்று. இரும்பு இலேசானது, கறையானுக்கு அஞ்சாது, ஆனால் இணைப்புகள் தளர்ந்தால் புரளுந்தோறும் கிறீச்சிடும்.

இழுத்தபின் கால்கள் விரிந்து மேற்கட்டிலின் மட்டத்திற்கு உயரும் வகையும் உண்டு. இரண்டும் சேர்ந்து அகன்ற படுக்கையாகும் என்பது அதன் சிறப்பு. வில்லும் கீலும் உடைய அப்பொறியில் குழந்தையின் விரல் நசுங்கக்கூடும். சிறுவர் உள்ள வீட்டில் நாங்கள் அதனைப் பரிந்துரைக்கமாட்டோம்.

அப்படியாயின் தாழ்ந்த கட்டிலில் யார் படுப்பது? எங்கள் வீட்டில் மரத்தைவிட இதுவே நீண்ட விவாதத்திற்கு உள்ளாயிற்று. ஐரோப்பாவில் இத்தகைய கட்டில் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே உண்டு. தலைவன் மேலே படுப்பான், ஏவலாள் அடியிலிருந்து இழுத்த கட்டிலில் படுப்பான். ஷேக்ஸ்பியரின் நாடகங்களிலும் அதன் பெயர் வருகின்றது. இதனைக் கேள்வியுற்ற அத்தை, “வந்தவரை ஏவலாள் கட்டிலிலா படுக்க வைப்பீர்கள்?” என்று கேட்டார். அலிபிரியிலிருந்து 3,500-க்கு மேற்பட்ட படிகளை ஏறி வந்தவரின் முழங்கால் மறுநாள் என்ன பாடுபடும் என்பதை எண்ணினாலும், அவரைத் தரையை ஒட்டிய படுக்கையில் கிடத்துவது முறையன்று. கூடத்தில் ஏற்கெனவே இருந்த பழைய ஒற்றைக் கட்டிலை வந்தவர்க்கு விடுவது, அறையில் மேற்கட்டில் அத்தைக்கு, கீழ்க்கட்டில் அதுவரை கூடத்தில் படுத்திருந்த எங்களில் ஒருவருக்கு என்று தீர்ந்தது. வந்தவர் பெண்ணாயின் அல்லது முதியவராயின், தனியே கூடத்தில் இருக்க விரும்பார்; அப்போது அத்தைக்குத் துணையாக அவர் மேலே ஒரு கட்டிலில் உறங்கும்படி கூடத்துக் கட்டிலை உள்ளே கொண்டுவந்து, இழுப்புக் கட்டிலைக் கூடத்திற்கு உருட்டிச் செல்கின்றோம். எப்படியாயினும் கீழ்ப்படுக்கை வீட்டாருடையதே. அதனாலேயே அதற்குக் குறைந்த மெத்தை போதும் என்று தச்சர் சொன்னபோது நாங்கள் இசையவில்லை. மேலே இட்ட அதே ஐந்தங்குல மெத்தையையே கீழேயும் இட்டோம். வீட்டார் வசதியாகப் படுத்திருப்பதைக் கண்டால்தான் வந்தவர் கூச்சமின்றி உறங்குவர்.

சக்கரத்தில் கவனம் வேண்டும். இப்பகுதி வீடுகளில் தரை பெரும்பாலும் கடப்பைக் கல். கற்களின் பொருத்துகளில் சிறு பள்ளம் இருக்கும். அற்பமான நெகிழிச் சக்கரம் அதில் இறங்கி நின்றுவிடும். நள்ளிரவில் அதனை இழுக்கும் ஓசைக்கு வீடே விழித்துக்கொள்ளும். இரண்டு அங்குலத்திற்குக் குறையாத விட்டமும் இரப்பர் விளிம்பும் உடைய சக்கரமே ஏற்றது. எப்புறமும் சுழலும் சக்கரம் சில வேளை குறுக்கே திரும்பி மேற்கட்டிலின் காலில் மோதும். நேரே மட்டும் ஓடும் சக்கரம் ஒழுங்காக வந்துபோகும். ஆனால் எங்களைப் போல் கட்டிலை அடுத்த அறைக்கும் கொண்டு செல்வோர் சுழலும் சக்கரத்தையே ஏற்று, முன்சக்கரம் இரண்டிற்கும் பூட்டு அமைத்துக்கொள்ள வேண்டும். இழுப்பதற்குக் கைப்பிடி வேண்டா. அது முழந்தாளில் இடிக்கும். முன்பலகையில் நான்கு விரல் நுழையும் அளவு வெட்டிவிடச் சொன்னால் போதும்.

கட்டிலைச் சித்தூரில் ஒரு தச்சரிடம் செய்வித்துத் திருப்பதிக்குக் கொண்டுவந்து நாங்களே பூட்டினோம். இருவர் இருந்தால் முற்பகலில் முடியும் வேலை. அறையைக் காலி செய்து, உறுப்புகளையெல்லாம் விரிப்பின்மேல் பரப்பி, போல்ட்டு, நட்டு, வட்டத்தகடு ஆகியவற்றை எண்ணிக் கிண்ணங்களில் இட்டுக்கொள்ளல் முதல் வேலை. பின்சட்டத்தையும் பக்கச் சட்டங்களையும் முதலில் இணைத்து, முன்சட்டத்தை இறுதியில் பூட்ட வேண்டும். எல்லா போல்ட்டும் துளையில் நுழையும் வரை எதனையும் முற்ற இறுக்கலாகாது. ஒன்றை இறுக்கிவிட்டால் நான்காவது மூலை ஒருபோதும் சேராது. அப்போது சுத்தியலைத் தேடத் தோன்றும்.

நான்கு மூலையும் சேர்ந்தபின் குறுக்களவு பார்க்க வேண்டும். ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு ஒரு கயிற்றைப் பிடித்து, அதே கயிற்றை மற்ற இரு மூலைகளுக்கும் பிடித்தால் நீளம் ஒத்திருத்தல் வேண்டும். ஒவ்வாதாயின் சட்டம் கோணியிருக்கின்றது. நீண்ட பக்கத்து மூலையை மெல்லத் தட்டினால் ஒத்துவரும். பின்னரே போல்ட்டுகளைச் சிறிது சிறிதாக, மூலைக்கு மூலை மாற்றி இறுக்குதல் முறை. ரசமட்டம் வைத்துப் பார்த்து, தாழ்ந்த காலுக்கு இரப்பர்த் துண்டு கொடுக்கலாம். சுவரோடு ஒட்டாமல் ஓர் அங்குலம் தள்ளி நிறுத்தினால் மழைக்கால ஈரம் பலகையில் ஏறாது. குறுக்குப் பலகைகளை இரண்டு அங்குல இடைவெளி விட்டு அமைத்துத் திருகாணியால் பொருத்த வேண்டும். வெறுமே வைத்தால் பிள்ளைகள் குதிக்கும்போது சரிந்துவிடும். கீழ்க்கட்டிலை உள்ளே தள்ளும்போது அது பின்சுவரில் மோதாதபடி பின்கால்களுக்கிடையே ஒரு தடுப்புக்கட்டை அடிப்பதும் வேண்டும்.

திருமலைக் கோயிலில் ஏகாந்த சேவையின்போது சயன மண்டபத்தில் சங்கிலியில் தொங்கும் கட்டிலில் போக சீனிவாசரைப் பள்ளிகொள்ளச் செய்கின்றனர். மார்கழியில் அவ்விடம் கண்ணனுக்கு. விடிந்தால் அவ்விடம் மீண்டும் வழிபாட்டுக்குரியது ஆகிவிடுகின்றது. எங்கள் அறையிலும் காலை ஏழு மணிக்குள் கீழ்க்கட்டில் உள்ளே சென்றுவிடும். மேலே விரிப்பிட்டு இரு திண்டுகளைச் சாய்த்தால் அத்தை அமர்ந்து செய்தித்தாள் படிக்கும் இடம் அதுவே.

மூடிய இடத்தில் கிடக்கும் மெத்தைக்குக் காற்று இல்லை. கீழ்ப்பலகையில் இருபது முப்பது துளைகள் இடுவித்துக்கொண்டால் ஈரம் தங்காது. இலவம்பஞ்சு மெத்தையாயின் மாதம் இருமுறை மாடியில் வெயில் காட்டித் தட்டிப் போடலாம். தென்னை நார் மெத்தையை நிழலில் காற்றாட நிறுத்தினால் போதும். விருந்தினர் இல்லாத நாளிலும் வாரம் ஒருமுறை கட்டிலை வெளியே இழுத்து அடித்தரையைப் பெருக்க வேண்டும். காலிப் பெட்டிகளையும் பழைய பாத்திரங்களையும் அங்கே தள்ளிவைக்கும் ஆசை எழும். அதற்கு இடங்கொடுத்தால் விருந்தினர் வந்த இரவில் முதலில் அவற்றிற்குப் படுக்கை தேட வேண்டியிருக்கும்.

வீடு மாறும் அன்பர்களுக்கு ஒரு சொல். கட்டிலைப் பிரிக்கும் முன்னர், சேரும் இரு முனைகளிலும் உட்புறமாக ஒரே எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் தச்சர் ஒன்று முதல் எட்டு வரை உளியால் சிறுகோடுகளாகவே பொறித்திருந்தார். எம்மொழியினரும் எண்ணிக் கொள்ளலாம். கழற்றிய போல்ட்டுகளையும் திருகும் சாவியையும் ஒரு துணிப்பையில் இட்டு, அப்பையைப் பின்சட்டத்தோடு இறுகக் கட்டிவிடுங்கள். புது வீட்டில் மூட்டைகளைப் பிரிப்பதற்கு முன்பே கட்டிலைப் பூட்டிவிடலாம்.